கனடாவில் முதல் குளிர்காலம்: எந்த டயர், எத்தனை இன்ச் ரிம்?

டொராண்டோவுக்கு வந்த முதல் வருடம், நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கார்பரோவில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்று 300 டாலர் எண்ணிக் கொடுத்தேன். நான்கு இரும்பு ரிம், அதில் ஓரளவு புதிய விண்டர் டயர்கள். ‘டொயோட்டா எல்லாத்துக்கும் பொருந்தும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். என்னுடையது பழைய கொரோலா. அதுவும் டொயோட்டாதானே?

மறுநாள் காலை ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய வீலைக் கழற்றி, புது ரிம்மைப் பொருத்தினால் ஓட்டை ஒன்றும் போல்ட்டுக்கு நேரே வரவில்லை. திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். விரல் விறைத்ததுதான் மிச்சம். அது கேம்ரிக்கான ரிம். இரண்டிலும் ஐந்து போல்ட்தான். ஆனால் கொரோலாவில் அந்த ஐந்தும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன, கேம்ரியில் 114.3 மி.மீ. வட்டத்தில். இந்த எண்களைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தெரியாது. விற்றவர் போனை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நண்பர்கள், மச்சான், அலுவலகத்துப் பையன்கள் என்று பலருக்கு டயர் வாங்கப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதிலை, எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உதாரணத்துக்குக் கொரோலாவையே எடுத்துக்கொள்கிறேன். நம்மவர்கள் வீட்டு வாசலில் அதிகம் பார்த்த கார் அதுதான்.

முதலில்: மலைப் படம் இருக்கிறதா?

காரோடு வருகிற டயருக்கு ‘ஆல் சீசன்’ என்று பெயர். எல்லாப் பருவத்துக்கும் என்று அர்த்தம் வருகிறதே தவிர, கனடாவின் ஜனவரி அந்தக் கணக்கில் இல்லை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகப் போக அந்த ரப்பர் இறுகிக்கொண்டே வரும். இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் கலவையே வேறு, மைனஸ் 20-லும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அதன் மேற்பரப்பில் சவரக் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான சன்னக் கீறல்களும் இருக்கும். அவை ஐஸின் மேல் நிற்கிற மெல்லிய தண்ணீர்ப் படலத்தை வாங்கிக்கொண்டு, விளிம்பால் தரையைக் கவ்வும். இன்னொரு வேடிக்கை, பள்ளங்களில் பனி அடைத்துக்கொண்டிருப்பதும் நல்லதுக்குத்தான். பனியோடு பனி நன்றாக ஒட்டும்.

டயரின் பக்கவாட்டில் இரண்டு அடையாளங்களைப் பார்க்கலாம். ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகள், சேறும் பனியும் என்பதன் சுருக்கம். அது பட்டன் (டயரின் மேற்பரப்பிலுள்ள மேடு பள்ளங்கள்) அமைப்பை மட்டும் வைத்துக் கொடுப்பது. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று அல்ல. மூன்று சிகரம் உள்ள மலை, அதன் நடுவே ஒரு பனிப்பூ: இந்தப் படம் இருந்தால் அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியது. நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்.

‘ஆல் வெதர்’ என்று மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. பெயர் ஆல் சீசன்போல இருப்பதால் எல்லோரும் குழம்புவார்கள். இதில் மலைப் படம் இருக்கும், வருடம் முழுக்கக் கழற்றாமலும் ஓட்டலாம். டொராண்டோ நகருக்குள்ளேயே ஓட்டி, புயல் அடித்தால் பஸ்ஸில் போய்விடுவேன் என்கிறவருக்கு இது போதும். பேரி, சட்பரி, ஒட்டாவா என்று வடக்கே போகிறவர், விடியற்காலை ஷிஃப்டுக்கு 401 நெடுஞ்சாலையில் ஏறுகிறவர், இவர்களெல்லாம் தனி விண்டர் டயர் போட்டுக்கொள்வதே நல்லது. ஐஸில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் பதிவான கார் என்றால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைப் படமுள்ள டயர் கட்டாயம், இல்லையென்றால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அக்டோபர் 1-லிருந்து குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் கட்டாயம். அங்கே எம்+எஸ் டயரையும் ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் பட்டன் 3.5 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் கட்டாயமே இல்லை. அதற்குப் பதில், 2016 ஜனவரியிலிருந்து விண்டர் டயர் போட்டவருக்குக் காப்பீட்டுக் கம்பெனிகள் தள்ளுபடி தந்தாக வேண்டும். பெரிய தொகை இல்லை. ஆனால் கேட்டால்தான் தருவார்கள், போன் பண்ணிக் கேளுங்கள். டயர் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், நான்கும் மாற்ற வேண்டும். முன்சக்கரம்தானே இழுக்கிறது, இரண்டு போதாதா என்று ஸ்கார்பரோவில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணையிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே. “தம்பி, முன்னுக்கு மட்டும் போட்டா முன்பக்கம் நிக்கும், பின்பக்கம் நிக்காது. பிறகு நீங்கள் வந்த ரோட்டையே திரும்பிப் பாப்பியள்” என்றார். பிரேக் அடித்தால் பின்பக்கம் சுழன்று கார் எதிர்த்திசையைப் பார்த்து நிற்கும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். (அவர் வாயில் அது ‘விண்டர் டயர்’ இல்லை, ‘வின்ரர் ரயர்’. கடைப் பலகையிலும் அப்படி எழுதியிருந்தால் திகைக்காதீர்கள்.) ஆல் வீல் டிரைவ் காருக்கும் இதே கதைதான். நான்கு சக்கரமும் இழுப்பது கிளம்புவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது.

கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து சேரும் தூணில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் கார் கம்பெனியிலிருந்து கிளம்பியபோது இருந்த டயர் அளவும், அடிக்க வேண்டிய காற்றும் அதில் இருக்கின்றன. பழைய கார் வாங்கியவர்கள் டயரைப் பார்த்து அளவெடுக்காதீர்கள். முன்பு வைத்திருந்தவர் ஆசைக்கு எதையாவது மாட்டியிருப்பார். ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு கடையிலும் அது வேண்டும்.

சரி, 205/55ஆர்16 91எச் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். அகலத்தில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது சுமார் 113 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், இன்று எல்லாமே அதுதான், மறந்துவிடலாம். 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றையும் ஒரே வரியில் கலந்து எழுதிய புண்ணியவான் யாரோ!

91 என்பது எடைக் குறியீடு. டயர் ஒன்று 615 கிலோ தாங்கும். எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. எடைக் குறியீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்டிக்கரில் 91 என்றால் 91 அல்லது அதற்கு மேல். வேகக் குறியீடு விண்டர் டயரில் கொஞ்சம் குறைவது சகஜம். எச் இருந்த இடத்தில் டி, அதாவது 190 கி.மீ. வரும். 401-இல் எழுதியிருப்பதே 100, சில இடங்களில் 110-தான், கவலை வேண்டாம்.

பெரிய ரிம்மா, சின்ன ரிம்மா?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

கொரோலா என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே பல மாடல். 2020-க்குப் பிந்தைய வடிவத்தில் எல்.இ. மாடல் 205/55ஆர்16 டயரோடு வரும். எக்ஸ்.எஸ்.இ. மாடலில் 225/40ஆர்18. பின்னதைப் பார்த்தால் கண்ணுக்கு அழகுதான், சந்தேகமில்லை. என் மச்சான் அந்த அழகுக்காகவே அந்த மாடலை வாங்கினார். குளிர் வந்ததும் அதே 18 இன்ச் அளவில் விண்டர் டயர் விலை கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். டயரின் மொத்த விட்டம் என்பது இரண்டு பக்கச் சுவரும் ரிம்மும் சேர்ந்தது. ஒரு இன்ச் 25.4 மி.மீ.

225/40ஆர்18: பக்கச் சுவர் 90 மி.மீ., இரண்டுக்கு 180. ரிம் 457.2. மொத்தம் 637 மி.மீ.

205/55ஆர்16: இரண்டு சுவரும் சேர்ந்து 225.5. ரிம் 406.4. மொத்தம் 632 மி.மீ.

வித்தியாசம் 5 மி.மீ., ஒரு சதவீதம்கூட இல்லை. காருக்கு உயரம் மாறவில்லை, ஸ்பீடோமீட்டரும் ஏறக்குறைய சரியாகவே காட்டும். மாறியது என்ன? ரிம் இரண்டு இன்ச் சிறியதாகி, அந்த இடத்தை ரப்பர் நிரப்பியிருக்கிறது. டயர் 20 மி.மீ. ஒல்லியாகிவிட்டது. குளிர்காலத்துக்கு நாம் கேட்பது இந்த இரண்டும்தான்.

ஒல்லி டயர் ஏன் நல்லது? சாலையில் பாதி உருகிய பனி கஞ்சிபோலக் கிடக்கும்போது, அகல டயர் அதன்மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். அதே எடையைக் குறுகிய இடத்தில் அழுத்துகிற ஒல்லி டயர் கஞ்சியைக் கிழித்துக்கொண்டு தார் வரை இறங்கும். புதுப் பனியைத் தள்ளிக்கொண்டு போவதும் அதற்குச் சுலபம். கண்ணாடிபோல் உறைந்த ஐஸில் மட்டும் ஒல்லியாக இருப்பதால் பெரிய லாபமில்லை. அங்கே ரப்பரும் கீறல்களும்தான் பேசும். அதனால் கிடைக்கிறதிலேயே ஒல்லியானதை மாட்டுவோம் என்றும் கிளம்பிவிட வேண்டாம்.

உயரமான பக்கச் சுவர் ஏன் நல்லது என்பது மார்ச் மாதம் தெரியும். தார் விரிசலில் தண்ணீர் இறங்கி, உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, சாலையே பெயர்ந்துவிடும். சென்னையில் மழைக்குப் பிறகு பார்த்த பள்ளங்களுக்கு இவை சளைத்தவை அல்ல. 90 மி.மீ. ரப்பர் பள்ளத்தில் மோதினால் ரிம் வளையும், இல்லை டயரின் பக்கவாட்டில் பலூன்போல வீக்கம் வரும். 113 மி.மீ. ரப்பர் பெரும்பாலான அடியை வாங்கிக்கொள்ளும். விலையும் அப்படித்தான், பொதுவாக ரிம் சிறியதாகச் சிறியதாக டயர் மலிவு.

எதுவரை இறங்கலாம்? விதி எளிது. உங்கள் காரின் அதே வருடம், அதே வடிவத்தில் கம்பெனி கொடுத்த அளவுகளிலேயே சிறிய ரிம் எதுவோ, அதைத் தேடுங்கள். மேனுவலில் இருக்கும், டீலரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வாங்குமுன் ஒன்று உறுதி செய்துகொள்ள வேண்டும்: பிரேக். ரிம்முக்குள்தான் பிரேக் டிஸ்க்கும் அதைப் பிடிக்கிற காலிப்பரும் உட்கார வேண்டும். வேக மாடல்களுக்குப் பெரிய பிரேக் கொடுத்திருப்பார்கள். சாதாரண மாடலின் 15 இன்ச் ரிம் அங்கே காலிப்பரில் இடிக்கும். கொரோலாவின் அடிமட்ட மாடல் ஒன்று 195/65ஆர்15-ஓடு வந்தது. விட்டம் 634.5 மி.மீ., கணக்கு அருமையாகப் பொருந்துகிறது. என்றாலும் மச்சான் காருக்கு 15-ஐக் கணக்கை மட்டும் நம்பி வாங்கவில்லை. கடைக்காரரிடம் கார் நம்பரைக் கொடுத்து 16 பொருந்தும் என்று உறுதி வாங்கி, 16-லேயே நிறுத்திக்கொண்டோம். எந்தக் கடையானாலும், பொருந்தவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். டயரை ஒருமுறை மாட்டி ஓட்டிவிட்டால் திருப்ப முடியாது.

கம்பெனி கொடுத்த அளவுகளை விட்டு வேறு அளவு யாராவது சொன்னால், மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். மொத்த விட்டம் ஸ்டிக்கர் அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விட்டம் 3 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 103-இல் போகிறீர்கள். டயர் உள்ளே எங்காவது உரசவும் கூடும்.

எஸ்.யு.வி. வைத்திருப்பவருக்கும் இதே முறைதான். 2019 வடிவ ராவ்-4 சில மாடல்களில் 235/55ஆர்19-ஓடு வரும், எல்.இ.யில் 225/65ஆர்17. குளிருக்குப் பின்னதைத் தேடுங்கள். இங்கே எடைக் குறியீட்டை மறக்காமல் பாருங்கள், வண்டி கனம்.

ரிம்மில் ஒளிந்திருக்கும் நான்கு எண்கள்

டயர் அளவு சரி என்றால் ரிம்மும் சரி என்று நினைத்துத்தான் நான் 300 டாலர் விட்டேன்.

முதல் எண் போல்ட் வட்டம். கொரோலா 5x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட். கேம்ரியும் ராவ்-4-உம் 5x114.3. ஹோண்டா சிவிக்கும் 5x114.3. எனக்கு நடந்ததுபோல 100-க்கும் 114.3-க்கும் வித்தியாசம் இருந்தால் பிழைத்தோம், மாட்டவே முடியாது. ஆபத்து 112-க்கும் 114.3-க்கும் நடுவில்தான். ஜெர்மன் கார்கள் பலவற்றில் 5x112 இருக்கும். அந்த ரிம் 114.3 போல்ட்டில் கஷ்டப்பட்டு ஏறுவதுபோல ஏறும், நட்டும் இறுகியதுபோல இருக்கும். ஓடும்போது தளர்ந்துவிடும். ‘கொஞ்சம் தள்ளினா போயிடும்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, நடு ஓட்டை. காரின் ஹப், அதாவது வீல் மாட்டுகிற நடுப்பகுதி, இதற்குள் நுழையும். கொரோலாவில் 54.1 மி.மீ., சிவிக்கில் 64.1 மி.மீ. ரிம்மின் ஓட்டை சிறியதாக இருந்தால் நுழையாது. பெரியதாக இருந்தால் நுழையும், ஆனால் நடுவில் உட்காராமல் 90, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பல கார்களுக்குப் பொதுவாகச் செய்கிற ரிம்களில் ஓட்டையை வேண்டுமென்றே பெரியதாக வைத்து, இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் தருவார்கள். ஹப் ரிங் என்று கேளுங்கள். சின்ன பிளாஸ்டிக் சாமான்தான். பழைய ரிம் வாங்கும்போது காணாமல் போயிருப்பது முக்கால்வாசி இதுதான்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் நட்ட நடுவிலிருந்து, அது ஹப்பில் ஒட்டுகிற பரப்பு எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பது. மில்லிமீட்டரில், ரிம்மின் உட்புறத்திலேயே பொறித்திருக்கும். உங்கள் பழைய ரிம்மின் எண்ணுக்கு ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் இருந்தால் தொல்லை இல்லை. அதிகம் விலகினால் டயர் உள்ளே சஸ்பென்ஷனிலோ வெளியே ஃபெண்டரிலோ உரசும்.

நான்காவது எண் நட்டைப் பற்றியது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கொரோலா, சிவிக் இரண்டுக்கும் மரை 12x1.5, ஒரே நட்டு ஏறும். ஆனால் நட்டின் அடிப்பாகம் ரிம்மின் ஓட்டையில் எப்படி உட்காருகிறது என்பது வேறு விஷயம். ஹோண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை அடி. டொயோட்டாவின் அலாய் ரிம் பலவற்றுக்குத் தட்டையான வாஷரோடு நீண்ட கழுத்து. வெளியில் வாங்குகிற ரிம்கள் பெரும்பாலும் கூம்பு அடி கேட்கும். பழைய நட்டையே போட்டு முறுக்கினால் இறுகும், ஆனால் மெல்லிய விளிம்பு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். ரிம் வாங்கும்போதே ‘இதற்கு எந்த நட்டு?’ என்று கேட்டு, 20 நட்டு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இரும்பா, அலாயா என்ற கேள்விக்கு என் ஓட்டு இரும்புக்கு. கறுப்பாக, அழகில்லாமல், கனமாக இருக்கும். சாலையில் கொட்டுகிற உப்பில் துருப்பிடிக்கும். பிடிக்கட்டும், மலிவு. பள்ளத்தில் அடி வாங்கினாலும் வளையுமே தவிரப் பெரும்பாலும் உடையாது, பல நேரம் தட்டி நிமிர்த்திவிடலாம்.

தனி ரிம் வாங்கத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. இருக்கிற ரிம்மிலேயே வருடம் இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் டயரைப் பிரித்து, மாட்டி, பேலன்ஸ் பண்ண வேண்டும். நான் விசாரித்த இடங்களில், ரிம்மோடு வீலை மாற்றுவதைவிட இதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கூலி. கடைசியாக நான் வாங்கியபோது 16 இன்ச் டயர் ஒன்று 150 டாலர், இரும்பு ரிம் ஒன்று 85. ரிம்முக்குப் போட்ட 340 டாலர் மூன்று நான்கு வருடத்தில் கூலியிலேயே திரும்பிவிடும். திரும்பத் திரும்ப நெம்பியதால் டயர் விளிம்பு கிழிவதும் இல்லை. காரை இரண்டு வருடத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால் ரிம் வேண்டாம், அதற்கு மேல் வைத்திருப்பீர்கள் என்றால் வாங்குங்கள். லீஸ் எடுத்தவர்கள் பழைய வீல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள்.

காற்றழுத்த சென்சார் ஒரு தனிக் கதை. கொரோலா போன்ற கார்களில் ஒவ்வொரு வீலுக்குள்ளும் ஒரு சென்சார் உண்டு. புது ரிம்மில் சென்சார் போடாவிட்டால் குளிர்காலம் முழுக்க டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கார் ஓடும், ஆனால் உண்மையிலேயே காற்று இறங்கினால் தெரியாது. கனடாவில் இந்த அமைப்பு சட்டப்படி கட்டாயமில்லை என்பதால் விளக்கோடு ஓட்டுகிறவர்கள் நிறைய. சில வருடங்களாக வருகிற சிவிக்குகளில் வீலுக்குள் சென்சாரே இல்லை. சக்கரம் சுற்றுகிற வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும். அதற்கு ஒரு செலவும் இல்லை, டயர் மாற்றியதும் மெனுவில் போய் ஒருமுறை கேலிப்ரேட் செய்தால் போதும்.

பழையது வாங்குகிறவருக்கு

முதல் வருடம் எல்லோருக்கும் கை இறுக்கம்தான், பழைய டயர் வாங்குவதில் தப்பில்லை. இரண்டைப் பார்த்து வாங்குங்கள். ஒன்று வயது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த தேதி. 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியதை நான் தொட மாட்டேன், பட்டன் எவ்வளவு இருந்தாலும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் அது விண்டர் டயர் என்று பெயருக்குத்தான்.

இன்னொன்று ஆழம். புது விண்டர் டயரில் 9 மி.மீ. அளவுக்குப் பட்டன் இருக்கும். 4 மி.மீ.-ஐ நெருங்கிவிட்டால் பனியில் வேலைக்காகாது. அளவுகோல் இல்லையா? பையிலிருக்கும் 25 சென்ட் நாணயம் போதும். அதில் உள்ள கரிபூ மானின் மூக்கு கீழே இருக்கும்படி பள்ளத்தில் செருகுங்கள். மூக்கு நுனி வெளியே தெரிந்தால் மிச்சம் சுமார் 4.8 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. அந்த டயருக்கு ஒரு சீசன்கூட முழுதாக வராது, விலை பேசாமல் கிளம்பலாம்.

மாட்டும் நாள்

முதல் பனி விழுந்த அன்று கடைக்குப் போன் பண்ணாதீர்கள். நான் பண்ணினேன், மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரச் சொன்னார்கள். டொராண்டோ பக்கம் அக்டோபர் நடுவிலேயே நவம்பர் முதல் வாரத்துக்கு நேரம் வாங்கிவிடுங்கள். பனி விழ வேண்டும் என்பதில்லை, காலை வேளைகள் தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே வந்தாலே போதும்.

நீங்களே மாட்டுவதானால், ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ரிம்மை வையுங்கள். நட்டுகளை நட்சத்திரம் வரைவதுபோல எதிரெதிராக முறுக்க வேண்டும், வரிசையாக அல்ல. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுகியது என்று அளந்து சொல்லும் ஸ்பேனர்): கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், மற்ற காருக்கு மேனுவலில் பாருங்கள். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கிற நம்மூர் முறை வேண்டாம், போல்ட் நீண்டுவிடும். கடையில் மாட்டினாலும் நீங்களே மாட்டினாலும் 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ரசீதிலேயே எழுதித் தருவார்கள், யாரும் படிப்பதில்லை. படியுங்கள். சிலவகை டயர்களின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். நான்கு வீலிலும் அது முன்னோக்கிச் சுற்றுகிறதா என்று கிளம்புமுன் ஒரு நடை சுற்றி வந்து பாருங்கள். அவசரத்தில் கடைக்காரர்களே தலைகீழாக மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

காற்று, கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி. டயரில் எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை அடிக்காதீர்கள். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. (ஸ்டிக்கரில் காற்றுக்குப் போட்டிருக்கும் அலகு) இறங்கும். 20 டிகிரி சூடுள்ள கடைக்குள் 33 அடித்துக்கொண்டு வெளியே மைனஸ் 20-க்கு வந்தால், மறுநாள் காலை 26-தான் இருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை, கார் இரவு முழுக்க வெளியே நின்றபின், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவை விட்டு நீங்கள் சிறிய ரிம்முக்கு மாறியிருந்தால், அந்த அளவோடு வந்த மாடலின் காற்று எவ்வளவு என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றிய வீல்களில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. அடுத்த முறை முன்னதைப் பின்னுக்கு மாற்றினால் தேய்மானம் சமமாகும். ரிம்மோடு இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம், வெறும் டயர் என்றால் நிறுத்தி வைக்க வேண்டும். வெயில் படாத இடம் வேண்டும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் பால்கனியில் அடுக்குமுன் கட்டட நிர்வாகத்தைக் கேளுங்கள், பல இடங்களில் விட மாட்டார்கள். சீசனுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு டயர் கடைகளே வைத்துக்கொள்வதுண்டு. ஏப்ரல் நடுவில் போய் மாற்றிக்கொள்ளலாம். என் கேம்ரி ரிம்கள் நான்கும் இரண்டு வருடம் வீட்டு அடித்தளத்தில் கிடந்தன. கடைசியில் பிராம்டனிலிருந்து ஒரு கேம்ரிக்காரர் வந்து 200 டாலருக்கு எடுத்துப் போனார். விளம்பரத்தில் 5x114.3 என்று தெளிவாகப் போட்டிருந்தேன்.